ஓப்பன் டெக்ஸ்ட்புக்குக்கு கவர்மென்ட் கிரான்ட்: பார்ட் டைம் ஆசிரியர் எங்க ஆரம்பிக்கணும்?

கேள்வி: வணக்கம் மேடம். கலிஃபோர்னியாவுல ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல பார்ட் டைமா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நடத்துறேன். ஒவ்வொரு செமஸ்டரும் முதல் மூணு வாரம் பாதி பிள்ளைங்க கையில புக்கே இருக்காது, கேட்டா விலைதான் காரணம்னு சொல்றாங்க. ஓப்பன் லைசன்ஸ்ல இலவச டெக்ஸ்ட்புக் எழுதுறதுக்கு கவர்மென்ட் பணம் தருதுன்னு கேள்விப்பட்டேன். நான் அப்ளை பண்ணலாமா? பண்ணினா அந்தப் புக் என்னோடதா இருக்குமா, இல்ல கவர்மென்டுக்குப் போயிடுமா? பின்னால அதையே தமிழ்லயும் கொண்டுவரணும்னு ஒரு ஆசை இருக்கு, லைசன்ஸ் அதுக்கு இடம் கொடுக்குமா?

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், நீங்க புதுசா புக் எழுத வேண்டாம். எழுதக்கூடாதுன்னு இல்ல, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் முதல் கோர்ஸுக்கு நல்ல ஓப்பன் புக், அதாவது யார் வேணா இலவசமா எடுத்து மாத்திக்கலாம்னு அனுமதி கொடுத்த புக், ஏற்கனவே இருக்கு, அதுவும் உங்க மாதிரி கம்யூனிட்டி காலேஜ் டீச்சருங்க எழுதினதே இருக்கு. குப்பர்டினோவுல டி ஆன்சா காலேஜ்ல பாடம் நடத்தின பார்பரா இலோவ்ஸ்கி, சூசன் டீன் ரெண்டு பேரும் சொந்த கிளாஸுக்காக எழுதின புக் அது. 2008ல மேக்ஸ்ஃபீல்ட் ஃபவுண்டேஷன் அதோட உரிமையை விலை கொடுத்து வாங்கி எல்லாருக்கும் திறந்து விட்டாங்க, அப்புறம் அதை அடிப்படையா வச்சுத்தான் ரைஸ் யுனிவர்சிட்டியில இலவசப் புக் வெளியிடுற ஓப்பன்ஸ்டாக்ஸ் 2013ல 'இன்ட்ரடக்டரி ஸ்டாட்டிஸ்டிக்ஸ்'னு வெளியிட்டாங்க. அதனால நீங்க கேக்க வேண்டியது புக் எழுத பணம் இல்ல, இருக்கிற புக்கை உங்க கிளாஸுக்கு ஏத்த மாதிரி மாத்துற நேரத்துக்குப் பணம். இந்த ஒரு வித்தியாசம் புரியாமலேயே நிறைய பேர் ரெண்டு வருஷம் உழைச்சு நாலு சாப்டரோட நின்னு போறதை நான் பார்த்திருக்கேன், அதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

சரி, பணம் எங்க இருக்கு? ஃபெடரல் கவர்மென்ட்ல ஓப்பன் டெக்ஸ்ட்புக்ஸ் பைலட்னு ஒரு திட்டம், 2018 பட்ஜெட்ல அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 50 லட்சம் டாலர் ஒதுக்கி ஆரம்பிச்சது, எஜுகேஷன் டிபார்ட்மென்ட் நடத்துது. முதல் வருஷப் பணம் கிட்டத்தட்ட முழுசும் டேவிஸ்ல இருக்கிற கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியோட லிப்ரெடெக்ஸ்ட்ஸ்ங்கிற ஓப்பன் புக் திட்டத்துக்குப் போச்சு. அப்புறம் தொகை கூடி 2023ல 1 கோடியே 20 லட்சம் வரைக்கும் வந்தது, அடுத்த வருஷமே குறைஞ்சுது. இது வருஷா வருஷம் பட்ஜெட்ல உயிர் பிழைக்கிற திட்டம், நிரந்தரச் சட்டம் இல்ல. இதை நிரந்தரமாக்கணும்னு அஃபோர்டபிள் காலேஜ் டெக்ஸ்ட்புக் ஆக்ட்னு ஒரு மசோதா 2013ல இருந்து திரும்பத் திரும்ப தாக்கல் ஆகுது, தனிச் சட்டமா நிறைவேறலை.

இதுக்கு நீங்க தனியா அப்ளை பண்ண முடியாது. விண்ணப்பம் போடுறது காலேஜ்தான், அதுவும் ஒரு காலேஜ் மட்டும் இல்ல, பல காலேஜ் சேர்ந்த கூட்டணியா வரணும்னு கேக்குறாங்க. நீங்க அந்தக் கூட்டணிக்குள்ள ஒரு ஆசிரியரா வேலை பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஆனா நீங்க கலிஃபோர்னியாவுல இருக்கீங்க, அது உங்களுக்கு நல்ல நேரம். 2021 பட்ஜெட்ல மாநில அரசு கம்யூனிட்டி காலேஜுக்கு மட்டும் 11.5 கோடி டாலர் ஒதுக்கிச்சு, ஜீரோ டெக்ஸ்ட்புக் காஸ்ட் டிகிரி உருவாக்குறதுக்கு. அதாவது ஒரு பிள்ளை சேர்ந்ததுல இருந்து டிகிரி வாங்குற வரைக்கும் புக்குக்கு காசே செலவழிக்காம படிச்சு முடிக்கிற மாதிரி ஒரு பாதை. அந்தப் பாதையில நிறைய டிபார்ட்மென்ட்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் குறுக்க வந்து நிக்கும், சைக்காலஜிக்கு வேணும், பிசினஸுக்கு வேணும், நர்சிங் போறவங்களுக்கு வேணும், அதனால உங்க காலேஜ்ல இந்தப் பணத்துக்குப் பொறுப்பா இருக்கிறவங்களுக்கு உங்க கோர்ஸ் ரொம்ப முக்கியம், நீங்க கை நீட்டிக் கேக்குற நிலைமையில இல்ல, அவங்களுக்கே உங்கள மாதிரி ஒரு ஆள் தேவை. இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போய்ப் பேசுங்க.

யார்கிட்ட பேசுறது? பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்ல ஓ.இ.ஆர் (ஓப்பன் எஜுகேஷனல் ரிசோர்சஸ், அதாவது ஓப்பன் பாடப்பொருள்) லையசன்னு ஒரு ஃபேகல்டி இருப்பாங்க, ஆசிரியர்களோட மாநில அமைப்பான அகாடமிக் செனட் நடத்துற ஓ.இ.ஆர் முயற்சிக்கு அவங்கதான் தொடர்பு. ஆள் யாருன்னு தெரியலைன்னா லைப்ரரியில கேளுங்க, எங்கள மாதிரி லைப்ரேரியன்ஸுக்கு கண்டிப்பா தெரியும்.

இப்போ கேக்குற பணத்துல என்னென்ன வரணும்ங்கிறது. இதுலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. முதல்ல உங்க நேரம். ஃபுல் டைம் ஆளுங்களுக்கு ஒரு கோர்ஸ் குறைச்சுக் கொடுத்துடுவாங்க, பார்ட் டைமுக்கு அது நஷ்டம், இருக்கிற கிளாஸையே பிடுங்கின மாதிரி ஆயிடும். அதனால தனி ஸ்டைபண்டா, எத்தனை மணி நேரம் எவ்வளவு தொகைன்னு எழுத்துல வாங்குங்க, எந்தத் தேதியில பணம் வரும்ங்கிறதையும் சேர்த்து. வாய் வார்த்தையில ஆரம்பிக்காதீங்க, ப்ளீஸ்.

அடுத்தது ஹோம்வொர்க். பப்ளிஷர் புக்கை காலேஜ் விடாம பிடிச்சுட்டு இருக்கிறதுக்கு பாதிக் காரணம் புக் இல்ல, அதோட ஒட்டி வர ஆன்லைன் ஹோம்வொர்க்தான், தானா மார்க் போட்டுடும், டீச்சருக்கு ராத்திரி தூக்கம் மிஞ்சும். இலவசப் புக்கு கொடுத்துட்டு ஹோம்வொர்க்குள்ள நுழையக் காசு கொடுத்து ஆக்சஸ் கோடு வாங்குன்னு சொன்னா பிள்ளைக்கு என்ன லாபம்? மைஓப்பன்மேத்னு ஒரு இலவச சிஸ்டம் இருக்கு, கணக்கு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ரெண்டுக்கும் நல்லா வேலை செய்யும், அதுல உங்க சாப்டர் வரிசைக்கு ஏத்த மாதிரி கேள்வி அடுக்குறதுக்கு ஒரு நாற்பது ஐம்பது மணி நேரமாவது ஆகும்னு நான் கணக்கு வச்சுப்பேன். அந்த நேரமும் பட்ஜெட்ல வரணும்.

அப்புறம் ஆக்சஸிபிலிட்டி. கண் தெரியாத பிள்ளை, திரையில உள்ளதை வாசிச்சுச் சொல்ற ஸ்க்ரீன் ரீடர்ல உங்க புக்கைப் படிக்கும்னு நினைச்சுப் பாருங்க. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் புக்குல படத்துக்குப் பஞ்சமே இல்ல. ஒவ்வொரு படத்துக்கும் அதுல என்ன இருக்குன்னு சொல்ற மாற்று உரை எழுதணும், 'ஹிஸ்டோகிராம்'னு ஒரு வார்த்தை போட்டு விட்டா அது எழுதாததுக்குச் சமம். நான் ஒரு டிராஃப்ட்ல திருத்தினது இப்படி: 'ஹிஸ்டோகிராம், 40 மாணவர்களோட டெஸ்ட் மார்க், 50ல இருந்து 100 வரைக்கும் பத்துப் பத்தா ஐந்து கம்பங்கள், நாலாவது கம்பம்தான் உயரம், அதுல 15 பேர், இடது பக்கம் வால் நீளம்.' இந்த ஒரு படத்துக்கே பத்து நிமிஷம் ஆச்சு, 60 படம்னா பத்து மணி நேரம், அதை யாராவது சும்மா செய்வாங்களா? மாட்டாங்க, கடைசியில செய்யாமலே புக் வெளிய போகும், அப்புறம் எந்தப் பிள்ளைக்காக இலவசம்னு சொன்னோமோ அந்தப் பிள்ளையே வெளிய நிக்கும்.

காப்பி எடிட்டர், இன்னொரு டீச்சரோட ரிவ்யூ இதுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஒதுக்கினா போதும். ரெண்டு வருஷம் கழிச்சு டேட்டா பழசாகும், லிங்க் செத்துப் போகும், அதைத் திருத்துறதுக்கும் ஒரு தொகை கேளுங்க, கிடைக்கலைன்னாலும் கேட்டு வைங்க.

உரிமை விஷயத்துக்கு வர்றேன், புக் கவர்மென்டோடது ஆகாது. க்ரியேட்டிவ் காமன்ஸ் லைசன்ஸ் போட்டா காப்பிரைட்டை யாருக்கும் எழுதிக் கொடுக்குறதில்ல, சொந்தக்காரர் சொந்தக்காரராவே இருப்பார், ஊர்ல எல்லாரும் பயன்படுத்திக்கலாம்னு முன்கூட்டியே அனுமதி கொடுக்குறார். ஆனா அந்தச் சொந்தக்காரர் நீங்களா காலேஜான்னு முடிவு பண்றது கவர்மென்ட் இல்ல, உங்க கான்ட்ராக்ட். சில காலேஜ்ல தனியா பணம் கொடுத்து எழுத வச்சா அது காலேஜுக்குன்னு விதி இருக்கும். யூனியன் ஒப்பந்தத்துல அறிவுசார் சொத்துன்னு ஒரு பகுதி இருக்கும், கையெழுத்துக்கு முன்னாடி அதைப் படிங்க.

ஃபெடரல் எஜுகேஷன் டிபார்ட்மென்ட்ல 2017ல இருந்தே ஒரு விதி இருக்கு, போட்டி வச்சுக் கொடுக்குற கிரான்ட் பணத்துல உருவாகுற பாடப்பொருளை ஓப்பன் லைசன்ஸ்ல வெளியிடணும்னு. ஒரு தடவை கொடுத்த லைசன்ஸைத் திரும்ப வாங்க முடியாது, இதை மனசுல நல்லா வாங்கிக்கோங்க. க்ரியேட்டிவ் காமன்ஸ்லயே ரொம்பத் திறந்த லைசன்ஸ்கள்ல ஒண்ணான சிசி பைல (CC BY) விட்டா நாளைக்கு ஒருத்தர் உங்க புக்கை பிரின்ட் போட்டு வித்தாலும் உங்க பேரைப் போட்டா சட்டப்படி சரிதான். அதே நேரம் யாராவது கன்னாபின்னான்னு மாத்தி உங்க பேரோட போட்டா, பேரை எடுன்னு கேக்குற உரிமை உங்களுக்கு உண்டு.

லைசன்ஸ் கலக்குற இடம்தான் வழுக்குப் பாறை. சிசி பைன்னா பேர் போட்டா போதும். ஷேர் அலைக்னு இருந்தா நீங்க மாத்தி எழுதினதையும் அதே லைசன்ஸ்லதான் விடணும், விக்கிபீடியா அப்படித்தான். 'நான்-கமர்ஷியல்'னு (NC) சேர்ந்து வந்தா வியாபாரத்துக்கு ஆகாது, ஓப்பன்ஸ்டாக்ஸோட கால்குலஸ் புக்கு 'நான்-கமர்ஷியல்', ஷேர் அலைக் ரெண்டும் சேர்ந்தது. இப்போ விக்கிபீடியாவுல இருந்து ஒரு பக்கத்தையும் அந்தக் கால்குலஸ் புக்குல இருந்து ஒரு பக்கத்தையும் எடுத்து ஒண்ணாக் குழைச்சு எழுதினா எந்த லைசன்ஸும் போட முடியாது, ஒண்ணு இன்னொண்ணோட ஒத்துப் போகாது. அதனால ஒவ்வொரு பகுதி எடுக்கும்போதும் பேர், எழுதினவர், எங்கிருந்து, எந்த லைசன்ஸ், நீங்க என்ன மாத்தினீங்க இந்த அஞ்சையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல அன்னிக்கே போட்டு வைங்க, கடைசியில தேடினா கிடைக்காது. ஒரே புக்கோட பழைய பதிப்புக்கும் புதுப் பதிப்புக்கும் லைசன்ஸ் வேற வேறயா இருக்க வாய்ப்பு உண்டு, நீங்க எடுக்குற பதிப்போட பக்கத்துலயே பாருங்க. நெட்ல ஃப்ரீயா பிடிஎஃப் கிடைக்குதுங்கிறது லைசன்ஸ் ஆகாது.

தமிழ் பத்தி கேட்டீங்களே, அதைப் படிச்சப்போ எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. மொழிபெயர்ப்பும் மாத்தி எழுதுற கணக்குலதான் வரும், அதனால சிசி பைல இருந்தா தாராளமா பண்ணலாம், யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம், மூல ஆசிரியர் பேரையும் லைசன்ஸையும் போட்டு இது மொழிபெயர்ப்புன்னு சொன்னா போதும். ஷேர் அலைக்னாலும் பண்ணலாம், தமிழ்ப் புக்கும் அதே லைசன்ஸ்ல இருக்கணும். நோ டெரிவேடிவ்ஸ்னு, அதாவது மாத்தினதை வெளியிடக் கூடாதுன்னு இருந்தா மட்டும் மொழிபெயர்த்து வெளியிட முடியாது. ஆனா மாநிலப் பணத்துல இதைச் சேர்க்காதீங்க, அவங்க நோக்கம் அங்க உள்ள பிள்ளைங்க புக் செலவு, அதுக்குள்ள இதை நுழைச்சா விண்ணப்பமே பலவீனமாயிடும், தனியா பண்ணுங்க. பண்ணும்போது முதல்ல கலைச்சொல் பட்டியல் ஒண்ணு போடுங்க, தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு கணக்குப் புக்குல திட்டவிலக்கம், விலக்க வர்க்கச் சராசரின்னு ஏற்கனவே சொல் இருக்கு, பிள்ளைங்களுக்குப் பழகின அந்தச் சொல்லையே எடுங்க, புதுசா உருவாக்காதீங்க.

இந்த வாரமே லையசனுக்கு ஒரு மெயில் போடுங்க, நாலு வரி போதும்: எந்த கோர்ஸ், செமஸ்டருக்கு எத்தனை பிள்ளைங்க, இப்போ புக்கும் ஆக்சஸ் கோடும் சேர்த்து என்ன விலை, எந்த ஓப்பன் புக்கை மாத்தி எழுதப் போறீங்க. விலையையும் பிள்ளைங்க எண்ணிக்கையையும் பெருக்கி வர தொகையை முதல் வரியிலயே எழுதிடுங்க, டீன் படிக்கப் போறது அந்த வரியைத்தான்.