பேர் தெரியுது, கோப்பு திறக்குதில்லை

கேள்வி: வீடு ஆரையம்பதி, படிப்பிப்பது கொக்கட்டிச்சோலைப் பக்கம். வீட்டில் திறக்கிற வினாத்தாள்கள், மண்முனைப் பாலம் தாண்டிப் போனால் மடிக்கணினியில் திறக்குதில்லை. வைரஸா?
- ஓர் ஆசிரியை

பதில்: வைரஸ் இல்லை தங்கச்சி. யாரும் சொன்னாங்க எண்டு ஃபோர்மட் பண்ணக் குடுத்திடாதீங்க!

ஒன்டிரைவில் (கோப்புகளை இணையத்தில் வைக்கிற மைக்ரோசொஃப்ட் சேவை) கோப்புக்குப் பக்கத்தில் நீல முகில் அடையாளம் நிற்கிறதா? அப்படியென்றால் உங்கட கணினியில் இருப்பது பேர் மட்டும்தான், உள்ளடக்கம் இணையத்தில். வலது கிளிக் செய்து 'புரொப்பட்டீஸ்' பாருங்கள், 'சைஸ் ஒன் டிஸ்க்' (கணினியில் பிடித்திருக்கிற இடம்) 0 என்று காட்டும். வீட்டில் வைஃபை இருப்பதால் கிளிக் பண்ணினவுடன் இறங்கிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் சிக்னல் இல்லாவிட்டால் எங்கிருந்து இறங்கும்?

வீட்டில் வைத்தே அந்த ஃபோல்டரை வலது கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஒன் திஸ் டிவைஸ்' கொடுங்கள். பச்சை வட்டத்துக்குள் வெள்ளைச் சரி அடையாளம் வந்த பிறகுதான் மூடவேண்டும். பெரிய ஃபோல்டர் என்றால் நேரமெடுக்கும், இரவே போட்டுவிடுங்கள்.

வீட்டிலும் திறக்காவிட்டால், கீழ்ப்பட்டியில் ஒன்டிரைவ் நிறுத்தப்பட்டிருக்கா, கணக்கிலிருந்து வெளியேறியிருக்கா என்று பாருங்கள்.

கோபத்தில் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்; அதே கணக்குள்ள ஃபோனிலும் சேர்ந்து போய்விடும். தனிப்பட்ட கணக்கென்றால் ஒன்டிரைவ் தளத்தின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் கிடக்கும்.