கல்லறைக் காசை வச்சு காலம் சொல்றது: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எலும்புக்கூட்டோட ஒரு காசு கிடைச்சா அதுல இருக்கிற ராஜாவ பாத்து புதைச்ச வருஷத்த சொல்லிடலாமா?

பதில்: முடியாதுப்பா. அந்தக் காசு அடிச்சதுக்கு முன்னாடி புதைச்சிருக்க முடியாது, அவ்ளோதான் அது சொல்லும். எவ்ளோ வருஷம் கழிச்சுங்கிறது தனி வேலை. இங்கிலாந்துல 6, 7ஆம் நூற்றாண்டு ஆங்கிலோ சாக்ஸன் (ரோமர் போனப்புறம் அங்க வந்து குடியேறின ஜனங்க) கல்லறைங்கள்ல இருநூறு முந்நூறு வருஷம் பழைய ரோமன் காசு வருது, ஓட்டை போட்டு கழுத்துல மாட்டியிருக்காங்க, அத நம்பி தேதி போட்டா எல்லாமே தப்பாயிடும். ஓட்டை இருக்கா, எவ்ளோ தேஞ்சிருக்கு, இத மொதல்ல பாக்கணும்.

கேள்வி: இங்கிலாந்துல கப்பலோட புதைச்சாங்களே, அந்த சட்டன் ஹூ கல்லறைக்கு எப்படி தேதி போட்டாங்க?

பதில்: எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது. 1939ல தோண்டினாங்க, பர்ஸுல 37 குட்டி தங்கக் காசு, எல்லாம் ஃப்ராங்க் நாட்டுது (இப்ப ஃப்ரான்ஸ், பெல்ஜியம் பக்கம்), ஒவ்வொண்ணும் ஒவ்வொரு இடத்துல அடிச்சது. ஆனா வருஷம் கிடையாது, ராஜா பேரும் அநேகமா இல்ல. மொதல்ல 650க்கு மேலன்னாங்க. அப்புறம் தங்கத்தோட மாத்த, அதாவது சுத்தத்த, அளந்தாங்க, அந்தக் காலத்துல வருஷம் போகப் போக வெள்ளி கலக்குறது ஏறிட்டே போச்சு, அதனால மாத்து ஒசந்திருந்தா காசு பழசு. இப்ப சொல்றது 610லருந்து 635க்குள்ள. அங்க புதைச்சது அந்தப் பக்கத்து ராஜா ராட்வால்ட்டாதான் இருக்கும்னு நெறைய பேர் சொல்றாங்க, அவர் செத்தது 624 வாக்குல, ஒத்துப்போகுது, ஆனா அத மட்டும் வச்சு அவரேதான்னு அடிச்சு சொல்றது எனக்கு சரியாப் படல.

கேள்வி: பேரும் காசும் சேந்தே கிடைச்ச கல்லறை உண்டா?

பதில்: உண்டே! பெல்ஜியத்துல டூர்னே, 1653ல கிடைச்ச ஃப்ராங்க் ராஜா சில்டெரிக். மோதிரத்துலயே பேரு. கடைசி தங்கக் காசுங்க கிழக்கு ரோமப் பேரரசர் ஸீனோவோடது, அவர் பட்டத்துக்கு வந்தது 474, சில்டெரிக் செத்தது 481 இல்ல 482. அதே குழில ரொம்பப் பழைய ரோமன் வெள்ளிக்காசும் கெடந்துச்சு, அதான் எப்பவும் இருக்கிறதுலயே புதுக் காச பாக்கணும். 1831ல பாரிஸ்ல திருடங்க அந்தப் புதையல்ல முக்கால்வாசிய உருக்கிட்டாங்க, நெனச்சாலே வயிறு எரியுது.

கேள்வி: காசே இல்லாட்டி?

பதில்: பெரும்பாலும் இருக்காது. ஜெர்மன் தொல்லியல் ஆய்வாளர் யோவாகிம் வெர்னர் 1935ல செஞ்சது இதுக்குத்தான்: காசு கிடைச்ச கல்லறைங்கள்ல என்ன பக்கிள், என்ன ப்ரோச் இருந்துச்சுன்னு பாத்து, அதே மாடல் வர்ற மத்த கல்லறைக்கும் காலம் போட்டார். இப்ப எலும்புல கார்பன் டெஸ்டும் சேத்து சரிபாக்குறாங்க.