ஜெர்மானிய மொழிகளில் பழிவாங்குதலைக் குறிக்கும் சொல்லின் வேர் எது?

ஜெர்மன் மொழியின் ‘ராஹெ’, டச்சு மொழியின் ‘வ்ராக்’ ஆகிய பழிவாங்குதலைக் குறிக்கும் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஜெர்மானிய மொழிகளின் தாய்மொழியான தொல்ஜெர்மானியத்தின் ‘வ்ரெக்கன்’ என்னும் வினையைச் சேர்ந்தவை. எழுத்துச் சான்று ஏதுமின்றி, பிற்கால மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுக்கப்பட்ட வடிவம் அது. அதன் முதற்பொருள் பழிவாங்குதலன்று, ‘துரத்துதல்’ என்பதே. 4ஆம் நூற்றாண்டில் கோதிக் என்னும் அழிந்துபோன ஜெர்மானிய மொழியில் எழுந்த விவிலியத்தில் ‘வ்ரிக்கன்’ துன்புறுத்துதலைக் குறிக்க, ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியின் ‘ரெக்க’ கால்நடைகளை ஓட்டுவதையும் பழிதீர்ப்பதையும் ஒருங்கே குறிக்கிறது. கொலையுண்டவனின் உறவினரே கொலைகாரனைத் தேடித் துரத்திய சமூகத்தில் இப்பொருள் மாற்றம் இயல்பானதே.

துரத்தப்பட்டவனுக்கும் இவ்வேரிலிருந்தே பெயர் கிடைத்தது என்பதுதான் சுவையான செய்தி. நாடு கடத்தப்பட்டவனைக் குறித்த பழைய ஆங்கில ‘வ்ரெச்ச’, இன்றைய ஆங்கிலத்தில் இழிந்தவனைச் சுட்டும் ‘ரெச்’ ஆகிவிட, அதன் ஜெர்மன் உறவான ‘ரெக்கெ’ மாவீரனைக் குறிக்கும் சொல்லாக உயர்ந்தது.

ஒலிமாற்றம் எளியது: ‘ர’வுக்கு முன்னிருந்த ‘வ்’ ஜெர்மனில் மறைந்தது, உயிருக்குப் பின்வந்த ‘க்’, ‘ஹ்’ போன்ற உரசொலியாயிற்று. ஆங்கிலத்தின் ‘ரிவெஞ்ச்’ இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது.