தட்டான் பார்க்க எந்த மாதம்?

கேள்வி: சிறுவயதில் ஐப்பசி மாதத்தில் எங்கள் வயல்களின் மேல் தட்டான்கள் கூட்டம் கூட்டமாகப் பறந்ததைப் பார்த்திருக்கிறேன். சென்ற பங்குனியில் பேரனை அதே வயலுக்கு அழைத்துச் சென்றபோது நான்கைந்துகூடக் கண்ணில் படவில்லை. தட்டான் பார்க்க உகந்த மாதம் எது? - மன்னார்குடி வாசகர்

பதில்: இடம் சரி, மாதம்தான் தவறு. பறக்கும் தட்டானாக நாம் காண்பது அதன் வாழ்வின் கடைசிப் பகுதியை மட்டுமே. அதற்கு முன்பு அது சிறகில்லாத இளம்பூச்சியாக நீருக்குள் இருந்து, கொசுப்புழுவையும் தலைப்பிரட்டையையும் தின்று வளர்கிறது. ஆகவே இன்று எத்தனை தட்டான்கள் பறக்கும் என்பதைச் சில வாரங்களுக்கு முன்பு அங்கே நீர் நின்றதா என்பதே முடிவு செய்கிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. அதன்பின் வாய்க்கால் வறண்டு, சம்பா அறுத்த தாளடியில் உளுந்து காய்த்து நிற்கும் பங்குனி வயலில் தட்டானுக்கு என்ன வேலை இருக்கிறது? அந்த மாதத்தில்தான் பார்க்க வேண்டுமென்றால் கிணற்றுச் சுவரையும் சிமென்ட் தொட்டியையும் கவனியுங்கள். கருங்கல்லின் நிறமும் புள்ளியும் கொண்ட ஒருவகைத் தட்டான் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருக்கும். அது அசையும் வரை இருப்பதே தெரியாது.

ஐப்பசியில் நீங்கள் பார்த்த கூட்டத்தின் கதை வேறு. மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், கிளையில் உட்காராமல் மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டே இருந்தவை என்றால், அவை பெரும்பாலும் பாண்டலா ஃபிளேவசென்ஸ் என்ற இனமாகத்தான் இருக்கும். நம் ஐப்பசிதான் மலையாளத்தில் துலாம் மாதம் என்பதால் கேரளத்தில் இதைத் துலாத்தும்பி என்கிறார்கள். ஆவணியில் ஓணத்தையொட்டிப் பறக்கும் வேறோர் இனத்துக்கு ஓணத்தும்பி என்று பெயர். பூச்சியின் பெயரிலேயே மாதத்தைப் பொதிந்து வைத்த அந்த வழக்கம் எனக்குப் பொறாமையூட்டுவது. துலாத்தும்பி மழைக்குட்டையில் முட்டையிட்டு, குட்டை வற்றுவதற்குள் இரண்டு மாதத்துக்குள்ளாகவே வளர்ந்துவிடும். அகன்ற பின்சிறகை விரித்துக் காற்றில் மிதக்க வல்லது. தரைமேல் நன்னீர் மிக அரிதான மாலத்தீவுகளில் ஆண்டுதோறும் அக்டோபர் முதல் இவை பெருங்கூட்டமாக வந்து இறங்குவதைப் பல ஆண்டுகள் கவனித்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், இவை இந்தியாவிலிருந்து வடகிழக்குக் காற்றோடு கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்கின்றன என்று 2009-இல் எழுதினார். போய்வரும் தொலைவு 14,000 கி.மீ.க்கும் மேல் என்பதும், ஒரே பூச்சி அதை முடிப்பதில்லை, தலைமுறைகள் மாறிமாறிக் கடக்கின்றன என்பதும் அவர் கணிப்பு.

ஆக, டெல்டாவிலும் கிழக்குக் கரையிலும் புரட்டாசிக் கடைசி முதல் தை வரை நல்ல காலம். மார்கழியில் பேரனை மீண்டும் அழைத்துச் செல்லுங்கள். சிறகின் அடிப்பாதி கறுத்து, அதையடுத்து வெண்பட்டை ஓடும் சிறு தட்டான் ஒன்று நெற்பயிரில் அடிக்கடி உட்காரும். மெல்லப் பறப்பதால் சிறுவர்கள் நின்று பார்க்க ஏற்றது. பயிர்த்தாளின் அடியையும் பாருங்கள். இளம்பூச்சி தட்டானாக மாறும்போது கழற்றிவிட்ட, முதுகு பிளந்த காய்ந்த கூடு ஒன்று பற்றிக்கொண்டிருந்தால், பிளவிலிருந்து வெள்ளை நூல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். நீருக்குள் வாழ்ந்தபோது இருந்த மூச்சுக்குழாய்களின் உட்புறத் தோல் அது.

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் தட்டான்களைப் படமெடுக்க விரும்புகிறேன். அங்கும் ஐப்பசிதானா? - கோவை வாசகி

பதில்: இல்லை. அங்கே தென்மேற்குப் பருவமழையே நாட்காட்டி. கோடைமழை பெய்த மே மாதப் பிற்பகுதி முதல் பருவமழை வலுக்கும் வரை ஒரு வாய்ப்பு. வெள்ளம் தணியும் செப்டம்பர், அக்டோபரில் மற்றொன்று. முதல் வாய்ப்பைத் தவறவிடாதீர்கள், ஏனெனில் மழையின் தொடக்கத்தை ஒட்டிச் சில வாரங்கள் மட்டுமே பறக்கும் இனங்கள் அங்கே உண்டு. வற்றாத ஓடைகளில் நியூரோபேசிஸ் என்ற ஊசித்தட்டானைத் தேடுங்கள்; பாறையில் சிறகை மூடி அமர்ந்த ஆண் ஒருகணம் பின்சிறகை விரிக்கும்போது மயில்கழுத்துப் பச்சை பளிச்சிடும். வனத்துறையின் அனுமதியும் அட்டைக்கு மூக்குப்பொடியும் மறவாமல் வேண்டும்.

கேள்வி: தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பது உண்மையா? எந்த நேரத்தில் பார்க்கலாம்? - திருநெல்வேலி வாசகர்

பதில்: பாதி உண்மை. தட்டான் மழையைக் குறிவைத்துப் பறப்பதில்லை, இரையைத் துரத்துகிறது. மழைக்கு முன் சிறுபூச்சிகள் தரையருகே திரண்டால் அதுவும் கீழே வரும். வெயில் ஏறித் தசைகள் சூடான பிறகே அது சுறுசுறுப்படையும் என்பதால் காலை 8 மணி முதல் 11 மணி வரை சிறந்தது. உச்சிவெயிலில் சில தட்டான்கள் உடலில் வெயில் படும் பரப்பைக் குறைக்க, வாலைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாகத் தூக்கி நிற்பதையும் காணலாம். அந்தி சாய்ந்த பிறகே குளத்தின் மேல் விரையும் செந்நிறத் தட்டான் ஒன்று உண்டு. இருட்டில் அதன் பின்சிறகின் வெண்திட்டு மட்டும் மினுக்கிப் போகும். கொசு கடிக்கத் தொடங்கும் நேரமே அதன் வேட்டை நேரம் என்பதால், முழுக்கைச் சட்டையோடு செல்லுங்கள்.