அடுப்பூதுவதற்கே ஒரு படிப்பா?

கேள்வி: பாபநாசம் பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. மகள் பத்தாம் வகுப்பில் 412 எடுத்திருக்கிறாள். பிளஸ் ஒன்னில் மனையியல் இருக்கும் குரூப்தான் வேண்டும் என்று நிற்கிறாள். அவள் அப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு என்கிறார். மாமனாரோ, "அடுப்பூதும் பொண்ணுக்குப் படிப்பு எதுக்குன்னு அந்தக் காலத்துல கேட்டாங்க. இப்ப அடுப்பூதறதுக்கே படிப்பா?" என்று சிரிக்கிறார். அந்தப் பாடத்தில் வயசுப் பிள்ளைகளின் உடம்பு, கல்யாணம் பற்றியெல்லாம் வருமாம். அதுவும் வீட்டில் பேச்சாகிவிட்டது. எட்டாவது படிக்கும் மகன் ஒருவன் இருக்கிறான், அவனைப் பற்றி யாருக்கும் எந்தக் கவலையும் இல்லை. நான் என்ன சொல்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் மாமனார் சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன். அவர்மேல் முழுத் தப்பும் இல்லை. நான் மனையியல் படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பதார்த்தம் வெள்ளை சாஸ். மைதாவையும் வெண்ணெயையும் பாலையும் கிண்டி, எதன்மேல் ஊற்றுவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஓட்டுத் தையல், காஜா என்று துண்டுத் துணியில் தைத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டியதுதான் மிச்சம். ஊருக்குச் சம்பந்தமில்லாமல் நடத்தினால் ஊர் சிரிக்கத்தான் செய்யும்.

ஆனால் இந்தப் பாடம் சமையல்காரர்கள் ஆரம்பித்தது இல்லை. இதற்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் எல்லன் ரிச்சர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பெண். வேதியியல் படித்தவர். அந்நாட்டின் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்லூரியில் 1873-ல் பட்டம் வாங்கிய முதல் பெண். ஊர் ஊராகக் குடிநீரைச் சோதித்தவர். அந்தக் கண்ணோடு வீட்டைப் பார்த்ததில் பிறந்ததுதான் மனையியல்.

அதே கண்ணோடு உங்கள் வீட்டையே பார்ப்போம். மாமியார் காலத்தில் வீட்டிலேயே நெல்லை ஊறவைத்து அவித்துக் காயப்போட்டிருப்பார்கள். ஏன் அவிக்க வேண்டும்? "அப்பத்தான் அரிசி நொறுங்காது" என்று சொல்வார்கள், அது சரிதான். இன்னொன்றும் நடக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமினில் ஒரு பங்கு அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் மில்லில் எவ்வளவு தீட்டினாலும் அது முழுக்கப் போகாது. பச்சரிசியில் தவிட்டோடு சேர்ந்து போய்விடும். நெல் அவிப்பது ஒன்றும் சாமானிய விஷயமில்லை. அதையெல்லாம் ஆராயவே 1967-ல் திருவாரூரில் ஒரு மையம் தொடங்கினார்கள். அதுதான் தஞ்சாவூருக்கு வந்து, வளர்ந்து, இன்று உணவுத் தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசு நிறுவனமாக நிற்கிறது.

சரி, இவ்வளவு பாடுபட்டு அரிசிக்குள் இறக்கிய வைட்டமினை நாம் என்ன செய்கிறோம்? அது தண்ணீரில் கரைவது. சோற்றை வடித்து, கஞ்சியை மாட்டுத் தொட்டியில் ஊற்றுகிறோம். மாடு நன்றாக இருக்கிறது. வீட்டுப் பெண்கள்தான் படியேறினால் மூச்சு வாங்குகிறார்கள். அந்த மூச்சு வாங்கலுக்குப் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைந்து வரும் ரத்த சோகை காரணமாக இருக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு அது இருக்கிறது. முருங்கைக்கீரை சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். உங்கள் மகள் படிக்கப்போவது இதைத்தான். இதை 16 வயதில் தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கு லாபம்.

அப்புறம் கணக்கு. குடும்ப வள மேலாண்மை என்று பாடத்தில் கொஞ்சம் பெரிய பெயராக இருக்கும். மாதச் சம்பளக்காரர் வீட்டுக் கணக்கு சுலபம். நம் டெல்டாவில் பணம் வருவது குறுவைக்கும் சம்பாவுக்கும், செலவு தினமும். மேட்டூரைத் திறக்கிறார்கள் என்றதும் விதை, உழவு, நடவு ஆள் கூலி என்று நகை அடகுக்குப் போகிறது. குறுவையில் வந்தது சம்பா நடவுக்கே சரியாகிவிட, நகையை மீட்பது சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் வந்த பிறகுதான். ஆனியில் 50,000 ரூபாய்க்கு வைத்து மாசியில் மீட்டால் எட்டு மாதம். அடகுக் கடையில் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் 8,000 ரூபாய். 'இரண்டு வட்டி' என்று சொல்லும்போது காதுக்குச் சின்னதாக இருக்கிறது, வருஷத்துக்கு 24 சதவீதம் என்று எழுதிப் பாருங்கள். உங்கள் கணவருக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் வீட்டில் யாராவது ஒரு நோட்டில் எழுதி, மொத்தம் போட்டு, அவர் முன்னால் வைத்திருக்கிறார்களா?

இனி அவருடைய கவலைக்கு வருகிறேன். அது நியாயமானது. பாடத்தை மட்டும் பார்த்துக் குரூப்பைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது, கூட என்னென்ன பாடங்கள் இருக்கின்றன என்பதில்தான் விஷயம். இயற்பியல், வேதியியல், உயிரியலோடு மனையியல் இருந்தால் நீட் வரை வழி திறந்திருக்கும். கணிதம் இல்லாததால் பொறியியலை மறந்துவிட வேண்டும். கலைப் பாடங்களோடு சேர்ந்த குரூப் என்றால் அறிவியல் பட்டப்படிப்புகள் பலவற்றுக்கு வழி இருக்காது. பள்ளிக்குப் பள்ளி பாடச் சேர்க்கை மாறும், நேரில் போய்க் கேளுங்கள். முன்னால் போனால் ஊட்டச்சத்துத் துறையில் பட்டம், ஆஸ்பத்திரியில் டயட்டீசியன் வேலை உண்டு. அங்கன்வாடித் திட்டத்தில் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பதவிக்கான போட்டித் தேர்வையும் மனையியல் பட்டதாரிகள் எழுதலாம். காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலம் முழுக்க விரிவாக்கியபோது நம் திருக்குவளையில்தான் தொடங்கிவைத்தார்கள். இத்தனை பிள்ளைகளுக்கு என்ன, எவ்வளவு போடுவது என்று கணக்குப் பார்க்கவும் படித்தவர்கள் வேண்டுமே. மகளுக்குக் கம்ப்யூட்டரில் உண்மையிலேயே ஆசை இருந்து, தோழி சேர்கிறாள் என்பதற்காக மனையியல் கேட்கிறாள் என்றால் மட்டும் அப்பா பேச்சைக் கேட்கச் சொல்லுங்கள்.

உடம்பு, கல்யாணம் பற்றிய பாடத்துக்குச் சண்டையே வேண்டாம். பெண்ணுக்கு 18-ம் ஆணுக்கு 21-ம் ஆகாமல் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம், ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098-க்கு அடிக்கலாம் என்று டீச்சர் சொல்லித் தெரிந்துகொள்வது நல்லதா, போனில் யாரோ எதையோ சொல்லித் தெரிந்துகொள்வது நல்லதா? மாமனார் முன்னால் இதை விவாதிக்காமல் விட்டுவிடுங்கள், அவருக்கும் சங்கடம்.

எனக்கு உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரி. எட்டாவது படிக்கும் பையன். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிடம். ஆண்? 97. அதுவும் வீட்டு வேலையில் கைவைக்கும் ஆண்களை மட்டும் எண்ணிப் பார்த்தால்! உங்கள் மகன் இருக்கும் பள்ளியில் மனையியல் இருக்காது, இருந்தாலும் அவனை அங்கே யாரும் உட்கார வைக்கப்போவதில்லை. அதனால் அக்கா படிக்கப் படிக்க அவனுக்கு வீட்டில் நடத்தட்டும். ஞாயிற்றுக்கிழமை சோறு அவன் பொறுப்பு, வாரச் செலவு நோட்டு அவன் கையெழுத்தில். முதல் மாதம் சோறு குழையும், சாப்பிட்டுவிடுங்கள்.

விண்ணப்பம் வாங்கப் போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள். மனையியல் டீச்சரிடம் பாடப்புத்தகத்தை ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி அவர் கையில் கொடுங்கள். வரவு செலவுப் பாடத்தை முதலில் திறந்து காட்டுங்கள். சமையல் பக்கம் அவர் கண்ணில் பட்டால், நெல் அவிக்கும் கதையைச் சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம்.