லேப்ல கிருமி வளர்க்கிற தட்டுல இருக்கிற அகார்னா என்ன, ஏன் ஜெலட்டின் போடக்கூடாது?

அகார்ங்கறது கடல்பாசிய வேகவச்சு எடுக்கிற ஒரு ஜெல்லி, அவ்ளோதான். நம்ம ராம்நாடு பக்கம் பாம்பன் சின்னப்பாலத்துல பொம்பளைங்க விரல்ல துணி சுத்திக்கிட்டு, காலுக்கு தட்டு கட்டிக்கிட்டு முங்கி எடுக்கிறாங்களே மரிக்கொழுந்து பாசி, அதுல இருந்தும் வருது.

எதுக்கு கெட்டியா வேணும்னா, தண்ணில விட்டா கிருமியெல்லாம் ஒண்ணா கலந்துரும், கெட்டி மேல தேச்சா ஒவ்வொண்ணும் தனித்தனி புள்ளியா வளரும், எது எந்த கிருமின்னு பிரிச்சு எடுத்துரலாம்.

ஆரம்பத்துல ஜெர்மனி கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் காக் ஜெலட்டின்தான் (மாட்டு எலும்பு, தோல்ல இருந்து எடுக்கிற ஜெல்லி) போட்டாரு, ஆனா மனுஷன தாக்குற கிருமி நல்லா வளர்றது 37 டிகிரில, அந்த சூட்டுல ஜெலட்டின் சித்திரை வெயில்ல நெய் மாதிரி இளகிரும், போதாததுக்கு சில கிருமி அதையே கரைச்சு தின்னுரும். 1881ல ஃபேனி ஹெஸ்ஸேன்னு ஒரு அம்மா, அவங்க வீட்டுக்காரர் காக் லேப்ல இருந்தவரு, சமையல்ல தான் போடுற அகார போட்டுப் பாருங்கன்னாங்க (பேரு என்னவோ காக்குக்குத்தான் கிடைச்சுது!). அகார் உருக 85 டிகிரி கிட்ட வேணும், உறையறது 40க்குள்ள, பெரும்பாலான கிருமிக்கு செரிக்காது. அதனால கிருமிக்கு வேண்டிய சாப்பாட்ட அகார்ல தனியா கலக்கணும்.

மண்டபம் பக்கம் மிதவைல வளர்க்கிற பெப்சி பாசியும் இதுக்குத்தான் போகுதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இல்லீங்க, அதுல வர்றது கராஜீனன், ஐஸ்கிரீம், பல் தேய்க்கிற பேஸ்ட்டுக்கு போற வேற சரக்கு.