வேலி போட்டுட்டாங்க, பாதை போச்சா?

கேள்வி: தாத்தா காலத்துலேர்ந்து பக்கத்து வயல் வழியாத்தான் எங்க வண்டி போகும் சார், இப்ப அதை வாங்கின புது ஓனர் பத்திரத்துல பாதையே இல்லன்னு முள்வேலி போட்டுட்டார், என்ன பண்றது?

பதில்: பதறாதீங்க. பத்திரத்துல இல்லன்னாலும் பாத்தியம், அதாவது அந்த வழியா போற உரிமை, வரும். 1882-ம் வருஷ ஈஸ்மென்ட் சட்டம் (அடுத்தவங்க நிலத்துல நமக்கு இருக்கற வழி மாதிரி உரிமைகளப் பத்தினது) 15-வது பிரிவுப்படி 20 வருஷம் வெளிப்படையா, தகராறு இல்லாம, தொடர்ந்து, நம்ம உரிமைன்னு போயிருந்தா போதும், ஓனர் மாறினாலும் அந்த உரிமை நிலத்தோடயே ஒட்டிக்கிட்டு வரும். கவர்மென்ட் நிலம்னா 30 வருஷம். ஆனா "அண்ணே போய்க்கட்டுமா"ன்னு கேட்டு அவங்க விட்டதால போனீங்கன்னா அது வெறும் அனுமதி, எத்தனை வருஷமானாலும் உரிமையாகாது, அதனால பெரியவங்கள உக்காரவச்சு இத நல்லா விசாரிங்க.

உங்க நிலத்துக்குப் போக வேற பாதையே இல்லன்னா அதே சட்டத்தோட 13-வது பிரிவுப்படி வழி கேக்கலாம், ஆனா ரெண்டு நிலமும் ஒரு காலத்துல ஒரே ஆளோடதா இருந்து பிரிஞ்சிருக்கணும்.

பழைய பத்திரத்துல "மாமூல் வழிநடை பாத்தியம்"னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க, எஃப்எம்பி வரைபடமும் (நிலத்தோட சர்வே அளவு வரைபடம்) வாங்குங்க. தடுத்து 2 வருஷத்துக்குள்ள கேஸ் போட்டாகணும், தயவுசெஞ்சு தள்ளிப்போடாதீங்க, இந்த வாரமே வக்கீலப் பாத்து சிவில் கோர்ட்ல தடையுத்தரவு கேளுங்க.